கர்ப்பம் தெரியும் முன்பே மூடிவிடும் நரம்புக் குழாய்.. ஃபோலிக் ஆசிட் மாத்திரை எப்போது தொடங்கணும்?

திருநெல்வேலி பக்கம் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அடிக்கடி இலைக்கு வரும். இடுப்புக்கு பலம் என்பது பாட்டிமார் சொல்லும் காரணம்.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் அறுத்த வயலில் விதைக்கும் இந்த உளுந்தில் ஃபோலேட் என்ற வைட்டமினும் இருக்கிறது. கருவில் மூளையும் முதுகுத்தண்டும் சரியாக உருவாக இது ரொம்ப முக்கியம். ஆனால் எந்த நாட்களில் முக்கியம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

28 நாள் கணக்கு என்ன?

கரு உருவான மூன்றாவது வாரத்தில், அதன் முதுகுப் பக்கத்தில் தட்டையான ஒரு செல் படலம் இருக்கும். வெற்றிலையைச் சுருட்டுவது போல அதன் இரு ஓரங்களும் எழும்பி, நடுவில் ஒட்டிக் குழாயாகும். இதுதான் நரம்புக் குழாய். மேல்பகுதி மூளையாகவும், மீதி தண்டுவடமாகவும் மாறும்.

சுமார் 28-வது நாளில் இந்தக் குழாய் முழுசாக மூடிவிடும். அதாவது, மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கும் நேரம். 'நாள் தள்ளிப்போச்சு, பார்ப்போம்' என்று காத்திருக்கும்போதே வேலை முடிந்துவிடுகிறது. கீழே மூடாமல் போனால் முதுகுத்தண்டு பிளவு. தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளை முழுமையாக வளராது. அந்தக் குழந்தை பிழைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

செல்லின் மேல்பரப்பில் நடப்பது என்ன?

ஒவ்வொரு செல்லின் வெளிச்சுவரிலும் பலவகைப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் தகவலையும் சத்தையும் வாங்கி உள்ளே சேர்ப்பது இவற்றின் வேலை.

நரம்புக் குழாய் மூட இரண்டு வகைப் புரதங்கள் முக்கியம். ஃப்ரிஸில்டு, வாங்கிள் போன்றவை ஒரு வகை. 'எந்தப் பக்கம் நகரணும்' என்று அக்கம்பக்கத்துச் செல்களுக்குத் திசை காட்டுவது இவைதான். இந்தச் சமிக்ஞையால்தான் செல்கள் நடுக்கோட்டை நோக்கி நெருங்கி, ஓரங்கள் ஒன்றுசேர்கின்றன. வாங்கிள் புரதம் கெட்டுப்போன எலிகளில் குழாய் திறந்தே கிடப்பதை விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஃபோலேட் ஏற்பி. ரத்தத்தில் வரும் ஃபோலேட்டைப் பிடித்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். செல்கள் வேகமாகப் பெருக டிஎன்ஏ வேணும். அதைத் தயாரிக்க ஃபோலேட் வேணும். இந்த ஏற்பி இல்லாத எலிக் கருக்கள் ஆரம்பத்திலேயே அழிந்துவிடுகின்றன. தாய் எலிக்குக் கூடுதல் ஃபோலேட் கொடுத்தபோது கருக்கள் பிழைத்தன.

குன்னூரும் ஒரு காரணம்

இந்த வைட்டமின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1928-ல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், மும்பையிலும் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலேட் என்று அடையாளம் காணப்பட்டது.

1991-ல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே நரம்புக் குழாய் குறைபாட்டோடு குழந்தை பெற்ற பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தபோது, அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

உளுந்தும் கீரையும் போதாதா?

சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்தும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் சாப்பாட்டோடு மாத்திரையும் அவசியம்.

எவ்வளவு, எப்போது?

கர்ப்பத்துக்குத் திட்டமிடும் காலத்திலிருந்து முதல் மூன்று மாதம் வரை தினமும் 400 மைக்ரோகிராம். 'ரத்தசோகை இல்லா இந்தியா' திட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. கல்யாணத் தேதி குறித்ததுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடலாம். நான்காம் மாதம் முதல் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் ஆசிட் உண்டு. ஆனால் அதற்குள் குழாய் மூடி இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

முந்தைய குழந்தைக்கு இந்தப் பாதிப்பு இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு இதைவிட அதிக டோஸ் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்யணும். வலிப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

தாயைக் குறை சொல்லலாமா?

கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் குழந்தை இப்படி என்று மருமகள் மேல் பழி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு இந்தக் குறைபாடு வரலாம். மரபணு மாற்றமும் ஒரு காரணம். பெரும்பாலான குறைபாடுகள் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் தெரிந்துவிடும். பிறந்த பிறகு தெரிந்தால், அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் மேல்சிகிச்சைக்கு வழியும் உண்டு.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'ஃபோலிக் ஆசிட் இன்றைக்கே தொடங்கலாமா?'