வன்கண்ணும் சீகிரியாக் குன்றமும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், நீதிமொழிகள் என்னும் நூலிலே, 'ரஅ அயின்' என்றோர் எபிரேயத் தொடர் பயில்கின்றது. 'அயின்' என்பது கண். 'ரஅ' என்பது தீயது. சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளின் 'கண் தீயவன்' என்றாகும். நம்மவரிடை வழங்கும் கண்ணேற்றையே இது குறித்ததென எண்ணுதல் எளிது. ஆயின், தொடர் வருமிடங்களை ஒப்புநோக்கின் அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

அந்நூலின் 23ஆம் அதிகாரம், இத்தகையான் இடும் உணவை உண்ணற்க என விலக்குகின்றது. அவன் வாயால் உபசரித்து மனத்தாற் கணக்கிடுபவன். 28ஆம் அதிகாரம், வறுமை தன்மேல் வருதலை அறியாது செல்வத்தை நோக்கி விரைபவன் அவன் என்கின்றது. உபாகமம் 15ஆம் அதிகாரத்திலோ, கடன் விடுதலைக்குரிய ஏழாம் ஆண்டு அணுகிற்றென்று எண்ணி வறியவனுக்கு உதவாதவனது கண்ணே தீய கண்ணாகின்றது. ஆகவே ஈயாமையும் பேராசையுமே இத்தொடரின் பொருளென்பது தெளிவு. வறியார்க்குத் தன் உணவைப் பகிர்பவன் இதற்கு மறுதலையாக 'தோவ் அயின்', அதாவது நற்கண்ணன், எனப்பட்டான்.

தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் இவ்விருவரையும் முறையே 'வன்கண்ணன்', 'கருணைக்கண்ணன்' என மொழிபெயர்த்தனர். இது புதிதாய்ப் புனைந்த வழக்கன்று. திருக்குறளில் வன்கண் என்பது அமைச்சனது உறுதியைக் குறிப்பதும் உண்டு. எனினும் ஈகை அதிகாரத்திலே, பொருளை ஈயாது வைத்துப் பின் இழப்பாரை வள்ளுவர் 'வன்கணவர்' என்றே சுட்டினார். இரக்கத்தைக் கண்ணோட்டம் என்றதும் அவர் மரபே. தொலைவிலுள்ள இரு மொழிகளும் மனத்தின் இயல்பைக் கண்ணிலே கண்டமை வியத்தற்குரியது.

இச்சொல்லுக்கு உரைபோல அமைந்த வரலாறொன்று மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவோடு தொடர்புற்றது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில், தந்தையாகிய தாதுசேன மன்னனைச் சிறையிட்டு அரசு கவர்ந்த காசியப்பன், ஒளித்த செல்வத்தைக் காட்டுமாறு அவனை வற்புறுத்தினான் எனச் சூளவம்சம் கூறும். தாதுசேனன் தான் அமைத்த கலாவெவ வாவிக்குச் சென்று நீராடி, அந்நீரைச் சுட்டி, தன் செல்வமெல்லாம் இதுவே என்றான். விளைவு அவனது கொலை. பின்னர்க் காசியப்பன் சீகிரியாக் குன்றின்மேல் அரண்மனை எடுத்து, அளகையிற் குபேரன்போல் வாழ்ந்தான் என்றும் அந்நூல் உரைக்கின்றது. ஏறத்தாழப் பதினெட்டாண்டு ஆண்டபின், கி.பி. 495இல், தம்பி மொகல்லானனோடு பொருத களத்தில் அவன் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டான்.

வாவி ஒன்றே, நோக்கிய கண்கள் இரண்டு. ஒன்று அந்நீரிலே பலர்க்குப் பயன்படும் வயல்வளத்தைக் கண்டது. மற்றொன்று தனக்குரிய பொன்னைத் தேடி ஏமாந்தது. கண்ணேறென்பது பார்க்கப்பட்டவனைக் கெடுப்பதாகக் கருதப்படும். வன்கண்ணோ பார்ப்பவனையே முதற்கண் கெடுப்பது. எபிரேயத் தொடரின் நுட்பம் இதுவேயாம்.