தும்பாவில் குமிழிக்கு இடமில்லை

உலர்ந்த பூ ஒன்று உள்ளே இருக்க, அதைச் சுற்றித் தெளிந்த கட்டியாக இறுகியிருக்கும் சாவிக்கொத்தைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இப்போதெல்லாம் கல்யாண மாலையைக்கூட அப்படிப் பதித்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அந்தத் தெளிந்த பொருளின் பெயர் ரெசின். கெட்டியாக்கி என்ற இன்னொரு திரவத்தோடு கலந்து அச்சில் ஊற்றினால், அடுப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், தானே இறுகிவிடும். ஒன்று கையில் கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இதழின் ஓரங்களில் மிகச் சிறிய காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். பொம்மை செய்பவருக்கும் நகை செய்பவருக்கும் இயந்திரத்துக்குச் சிறு பாகங்கள் வார்ப்பவருக்கும் இந்தக் குமிழிதான் தீராத தலைவலி.

சாவிக்கொத்தில் குமிழி இருந்தால் அழகு கொஞ்சம் குறையும். ராக்கெட்டுக்குள் இருந்தால் ராக்கெட்டே வெடித்துவிடக்கூடும். திருவனந்தபுரத்துக் கடலோரத்தில், தும்பாவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கதையில் இந்தக் குமிழிக்கும் ஓர் இடம் உண்டு.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது அமெரிக்கா கொடுத்த நைக்கி அப்பாச்சி ராக்கெட். அப்போது தும்பா ஒரு மீனவர் ஊர். அங்கிருந்த புனித மரிய மதலேனாள் தேவாலயத்தை ஊரார் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள்தான் அலுவலகம் நடந்தது. இன்று அந்தக் கட்டடமே விண்வெளி அருங்காட்சியகம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 அன்று, இந்தியாவிலேயே செய்த ரோகிணி ஆர்.எச்.75 பறந்தது. அதன் குறுக்களவு வெறும் 75 மில்லிமீட்டர். உங்கள் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்துவிடலாம். வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே எத்தனை காலம் ஓட்டுவது? ராக்கெட்டுக்குள் எரிந்து அதை உந்தித் தள்ளும் உந்துபொருளை நாமே செய்யப் பழக வேண்டும் என்று முடிவாயிற்று. தும்பாவிலேயே அதற்கு ஆலை வந்தது.

ராக்கெட்டின் திட உந்துபொருள் எப்படிச் செய்யப்படுகிறது தெரியுமா? நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வார்ப்பு வேலைதான். ஹெச்.டி.பி.பி. என்று ஒரு பிசுபிசுப்பான திரவம். அதுவும் ஒரு ரெசின். அதில் அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பையும் அலுமினியத் தூளையும் கொட்டிப் பிசைகிறார்கள். உப்பு ஆக்சிஜனைத் தரும், அலுமினியம் கொழுந்துவிட்டு எரியும், ரெசின் இரண்டையும் கட்டிப்பிடித்து நிற்பதோடு தானும் எரியும். அந்த உப்புக்குக் கேரளத்தின் ஆலுவாவிலேயே ஓர் ஆலை வைத்திருக்கிறார்கள். கலவையில் எடைக்கணக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தூள்தான்; திரவம் கொஞ்சமே. அதனால் கலவை மிகவும் கெட்டியாக இருக்கும். கெட்டியாக்கியைச் சேர்த்து ராக்கெட்டின் கூட்டுக்குள் ஊற்றி, சில நாட்கள் மிதமான சூட்டில் வைத்தால், உங்கள் பென்சில் அழிப்பான் போல அழுத்தினால் அமுங்கும் சாம்பல் நிற ரப்பராக இறுகிவிடும்.

ராக்கெட்டின் கூடுதான் வெளி அச்சு. நடுவில் நட்சத்திர வடிவத்தில் ஒரு நீண்ட தண்டை நிறுத்தி, சுற்றிலும் கலவையை நிரப்புவார்கள். இறுகியதும் தண்டை உருவிவிட்டால் நட்டநடுவே நட்சத்திர வடிவத் துளை கிடைக்கும். வெளிச்சுவரோடு கலவை விடாமல் ஒட்ட வேண்டும். நடுத்தண்டோடு ஒட்டவே கூடாது. ஒரே பொருளிடம் நேர்மாறான இரண்டு குணங்களைக் கேட்கிறோம். சுவருக்குப் பிடித்துக்கொள்ளும் பூச்சும் தண்டுக்கு வழுக்கிவிடும் பூச்சும் தனித்தனியே தருவது இதற்காகத்தான்.

தீ எங்கே பற்றும்? திடப்பொருளின் மேற்பரப்பில் மட்டும்தான். ஒரு விறகை அப்படியே வைப்பதைவிடச் சிராய்களாகப் பிளந்து வைத்தால் சட்டென்று எரிவது அதனால்தான், மேற்பரப்பு கூடிவிடுகிறது. ராக்கெட்டில் தீ நட்சத்திரத் துளையின் சுவரில் பற்றி, வெளிப்பக்கமாக நொடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் நிதானமாகத் தின்றுகொண்டு போகும். எந்த நொடியில் எவ்வளவு பரப்பு எரியும், எவ்வளவு அழுத்தம் எழும் என்று பொறியாளர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பார்கள். வழியில் ஒளிந்திருக்கும் குமிழி ஒன்றைத் தீ எட்டியதென்று வையுங்கள். குமிழியின் உட்சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். கணக்கில் இல்லாத புதுப் பரப்பு அது. பரப்பு கூடினால் வாயு கூடும், வாயு கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். சின்னஞ்சிறு குமிழி ஒன்றிரண்டு என்றால் தாங்கும். பெரிய குழிவு என்றால் கூடு தாங்காது.

நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கில் ஏறக்குறைய 138 டன் உந்துபொருள் இருக்கிறது, குறுக்களவு 2.8 மீட்டர். அதை ஐந்து துண்டுகளாக ஸ்ரீஹரிகோட்டாவில் வார்க்கிறார்கள். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இருபுறமும் நிற்கும் எஸ்.200 என்ற துணை ராக்கெட் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கும் மேல். இவ்வளவு கெட்டிக் கலவையிலிருந்து காற்றை எப்படி வெளியேற்றுவது? தட்டினால் போகாது, காத்திருந்தாலும் போகாது.

ஏன் போகாது என்பதை 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் கணக்காகச் சொன்னார். திரவத்தில் ஒரு சிறு குமிழி மேலேறும் வேகம் முக்கியமாக இரண்டைப் பொறுத்தது. திரவம் எவ்வளவுக்கெவ்வளவு பிசுபிசுப்பானதோ, வேகம் அவ்வளவுக்கவ்வளவு குறையும். குமிழியின் அளவு கூடக்கூட வேகம் இருமடிக் கணக்கில் கூடும். அதாவது மூன்று மடங்கு பெரிய குமிழி ஒன்பது மடங்கு வேகமாக ஏறும். அப்படியானால் குமிழியை விரட்ட ஒரு விசித்திரமான வழி இருக்கிறது. அதைப் பெரிதாக்குவதுதான்!

குமிழியைப் பெரிதாக்குவது எப்படி என்று 1662-லேயே ராபர்ட் பாயில் சொல்லிவிட்டார். சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தால் காற்று அதே விகிதத்தில் விரியும். மூடிய பாத்திரத்தில் கலவையை வைத்து, பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, அழுத்தத்தை 27-இல் ஒரு பங்காக்கினால், குமிழியின் கொள்ளளவு 27 மடங்காகும். குறுக்களவு 3 மடங்கு. ஏறும் வேகம் 9 மடங்கு! எனக்கு இந்தக் கணக்கின் மேல் தனிப் பிரியம். குமிழியைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். அதுவே வீங்கி, மேலே ஓடி, உடைந்துபோகிறது.

உந்துபொருளையும் இப்படித்தான் காற்று நீக்கிய நிலையில் வார்க்கிறார்கள். மெல்லிய பிளவுகள் வழியே கலவையைப் பட்டைப் பட்டையாக விழவைப்பது இன்னொரு உத்தி. பட்டை மெலிந்தால் குமிழி வெளியேற வேண்டிய தூரமும் குறைந்துவிடும். இறுகிய பிறகும் நம்பிக்கையோடு விட்டுவிடுவதில்லை. மருத்துவமனையில் இருப்பதைவிடப் பலமடங்கு வலிமையான எக்ஸ்-கதிரைச் செலுத்தி, உள்ளே குழிவோ விரிசலோ இருக்கிறதா என்று துண்டு துண்டாகப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

காற்றை ஒழித்தாலும் குமிழி வரும் இன்னொரு வழி இருக்கிறது. அது ஈரம். ஹெச்.டி.பி.பி.யை இறுக்கும் கெட்டியாக்கி ஐசோசயனேட் வகையைச் சேர்ந்தது. அதன்மேல் தண்ணீர் பட்டால் இரண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வாயு பிறக்கும். சோடாவில் பொங்குகிறதே, அதே வாயு. வெளியிலிருந்து காற்றே நுழைய வேண்டாம், கலவைக்குள்ளேயே குமிழி முளைத்துவிடும். திருவனந்தபுரத்தில் ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். பக்கத்திலேயே கடல். உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் கசிந்துபோகும் ஊரில், உப்பைக் கொட்டிச் செய்யும் வேலை இது! மூலப்பொருட்களை உலர்த்தி, அறையின் ஈரத்தை அளந்து கட்டுப்படுத்தித்தான் இத்தகைய கலவையைத் தொட முடியும். வீட்டில் பொம்மை வார்ப்பவர்கள் பாலியூரித்தேன் ரெசின் வாங்கினால் அதிலும் இதே ஐசோசயனேட்தான். மழை நாளில் வார்த்தது நுரைத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

பொம்மைக்கு அச்சு எதில் செய்கிறார்கள்? பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பரில். சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலிகள் அதன் முதுகெலும்பு. வளையும், சூடு தாங்கும், முக்கியமாக ரெசின் அதில் ஒட்டாது. சிலிக்கோனோடு நன்றாக ஒட்டுவது பெரும்பாலும் சிலிக்கோன்தான். ஒரு யானை பொம்மையைப் பெட்டிக்குள் நிறுத்திச் சிலிக்கோனை ஊற்றி இறுகவிட்டு, பொம்மையை எடுத்துவிட்டால், தும்பிக்கையின் சுருக்கம்வரை அச்சில் பதிந்திருக்கும்.

ஊற்றும்போது நேரே பொம்மையின் தலையில் கவிழ்க்கக் கூடாது. பெட்டியின் ஒரு மூலையில், கொஞ்சம் உயரத்திலிருந்து, நூலாக விழும்படி ஊற்ற வேண்டும். நூலாக நீளும்போதே பல குமிழிகள் உடைந்துவிடும். மூலையிலிருந்து மட்டம் உயர உயர, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். பம்ப் வைத்திருப்பவர்கள் ஊற்றும் முன்பே சிலிக்கோனின் காற்றை உறிஞ்சிவிடுவார்கள். அப்போது அது நுரைத்து மூன்று நான்கு மடங்கு எழும்பிப் பிறகு பொத்தென்று அடங்கும். அதனால் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும்.

ரெசினுக்கு மட்டும் பலர் நேர்எதிர் வழியில் போகிறார்கள். விரைவாக இறுகும் ரெசினில் குமிழி மேலேறும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. காற்றை மிக அதிகமாக உறிஞ்சினால் சில ரெசின்கள் கொதிக்கவே தொடங்கி, புதுக் குமிழிகள் கிளம்பும். ஆகவே ரெசின் ஊற்றிய அச்சை இரும்புப் பாத்திரத்தில் வைத்து மூடி, காற்றை உள்ளே ஏற்றி அழுத்துவார்கள். குமிழி சுருங்கும், அழுத்தத்தில் திரவம் கூடுதல் காற்றைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் என்பதால் பல குமிழிகள் காணாமலே போய்விடும். இறுகும்வரை அழுத்தத்தை விடக் கூடாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. சிலிக்கோன் அச்சுக்குள்ளேயே பழைய குமிழிகள் இருந்தால், அழுத்தும்போது அவை சுருங்கி அச்சின் சுவர் அங்கங்கே உள்வாங்கும். அந்தப் பள்ளத்தில் ரெசின் நிரம்பி, வெளியே வரும் யானையின் உடம்பெல்லாம் பருக்கள்! அச்சு செய்த அன்று விட்ட குமிழி, வார்ப்பு எடுக்கும் அன்று பழிவாங்கும்.

பூவைப் பதிப்பவர்களுக்கு ஒரு சேதி. உலர்ந்த இதழின் நுண்துளைகளில் காற்று இருக்கும். முதலில் மெல்லிய பூச்சாக ரெசின் தடவி இறுகவிட்டு, பிறகு முழுதாக ஊற்றினால் அந்தக் காற்று உள்ளேயே அடைபட்டுவிடும். குமிழியாக வெளியே வராது. இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், அதன் ஆவியும் நல்லதல்ல. பெரியவர்கள் உடனிருக்க, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கவே கூடாது.

ரெசினே இல்லாமல், இன்றைக்கே நீங்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். மருந்துக்கடையில் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு இரண்டு வாங்குங்கள். விளக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் குச்சியால் வேகமாக அடித்தால் குமிழிகள் நிறையும். அதில் 4 மில்லியை ஒரு சிரிஞ்சுக்குள் உறிஞ்சுங்கள். சிரிஞ்சின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, எண்ணெய்க்கு மேலே 1 மில்லி காற்று இருக்கும்படி விட்டு, வாயை விரலால் இறுக அடையுங்கள். இப்போது அடித்தண்டைப் பலமாக 20 வரை இழுத்துப் பிடியுங்கள். 1 மில்லி காற்று 16 மில்லி இடத்தில் பரவுகிறது. உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 16-இல் ஒரு பங்கு. எண்ணெய்க்குள் இருக்கும் குமிழிகள் உங்கள் கண்ணெதிரே வீங்கி மேலே ஓடும். பிறகு ஒரு சிரிஞ்சை வெந்நீர்க் குவளையிலும் இன்னொன்றைக் குளிர்ந்த நீரிலும் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, இரண்டிலும் இதையே செய்யுங்கள். எதில் குமிழி சீக்கிரம் மேலே வருகிறது, எத்தனை நொடியில் என்று கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.