வலையமைப்பு அட்டைகள் செயலிழந்தது ஏன்? ஒரு லினக்ஸ் வழுவின் பின்னணி

கணினி மென்பொருளில் ஏற்படும் கோளாறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பயனாளர்களிடையே நிலவும் பொதுவான நம்பிக்கை. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரை மையமாகக் கொண்டு உருவாக்கப்படும் ஓப்பன்சூசே லினக்ஸின் 11.1 பதிப்பு அப்போது சோதனைக் கட்டத்தில் இருந்தது. குறிப்பிட்ட சில இன்டெல் ஈதர்நெட் வலையமைப்பு அட்டைகளைக் கொண்ட கணினிகளில் அந்தச் சோதனை வெளியீட்டை நிறுவ வேண்டாம் என்று சோதனையாளர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நிறுவினால் அட்டையே பயனற்றுப் போகக்கூடும் என்பதுதான் காரணம். உபுண்டு, ஃபெடோரா, மாண்ட்ரிவா ஆகிய லினக்ஸ் வகைகளின் சோதனை வெளியீடுகளும் இதே சிக்கலுக்கு உள்ளாயின. உபுண்டுவைத் தயாரிப்பவர்கள், சம்பந்தப்பட்ட இயக்கி மென்பொருளையே தற்காலிகமாக முடக்கி வைத்தார்கள்.

லினக்ஸ் உலகில் ஜெர்மனிக்குத் தனி இடம் உண்டு. 1992ஆம் ஆண்டு அங்கு தொடங்கப்பட்ட சூசே, உலகின் மிகப் பழைய லினக்ஸ் நிறுவனங்களில் ஒன்று. 2003ஆம் ஆண்டின் இறுதியில் அதை வாங்குவதாக அமெரிக்காவின் நோவெல் நிறுவனம் அறிவித்த பின்னரும், நூரம்பெர்க்கில் பணிகள் தொடர்ந்தன. தமிழ்நாடு அரசின் மின்னணுக் கழகமான எல்காட், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறியபோது தேர்ந்தெடுத்ததும் சூசேயைத்தான்.

இயக்கி செய்யும் பணி

ஈதர்நெட் அட்டை என்பது கணினியைக் கம்பி வழியாக வலையமைப்புடன் இணைக்கும் சாதனம். பெயரளவில் அட்டை என்று அழைக்கப்பட்டாலும், இன்றைய கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்ட ஒரு சில்லுதான். அந்தச் சில்லின் மொழி, கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையக்கருவுக்குத் தெரியாது. இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகச் செயல்படுவது டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள்.

ஒவ்வொரு அட்டையிலும் தயாரிப்பாளரைக் குறிக்கும் ஓர் எண்ணும் மாதிரியைக் குறிக்கும் ஓர் எண்ணும் பதிக்கப்பட்டிருக்கும். இன்டெல்லின் எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலி ஒன்றின் பெயர் அது என்பதைக் கணினித் துறையினர் அறிவர். தான் கையாளக்கூடிய எண்களின் பட்டியல் ஒவ்வோர் இயக்கியிலும் உண்டு. கணினி தொடங்கும்போது கெர்னல் இந்த எண்களை ஒப்பிட்டு, பொருத்தமான இயக்கியை ஏற்றுகிறது.

புதிதாக வாங்கிய கணினியில் பழைய லினக்ஸ் பதிப்பை நிறுவுபவர்கள் பலர், வலையமைப்பு வேலை செய்யவில்லை என்று முறையிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அட்டையில் பழுது எதுவும் இல்லை; அந்தக் கெர்னல் வெளியானபோது அப்படியோர் அட்டையே சந்தையில் இல்லை, எனவே அதன் எண் பட்டியலில் இடம்பெறவில்லை. வலையமைப்பு இல்லாததால் புதிய இயக்கியைத் தரவிறக்கவும் வழியில்லை என்பது இதில் கூடுதல் தொல்லை.

கோளாறைத் தேடும் வரிசை

அனுபவமிக்க நிர்வாகிகள் கோளாறைக் கீழிருந்து மேலாகத் தேடுவார்கள். கம்பி செருகப்படும் துளையருகே உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்பது முதல் கேள்வி. எரியாவிட்டால் கம்பியையும் மறுமுனையில் உள்ள சுவிட்ச் பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை தரும் சாதனப் பட்டியலில் அட்டை தென்படுகிறதா என்று பார்ப்பார்கள். அதில் தென்படாத அட்டைக்கு எந்த இயக்கியை ஏற்றியும் பயனில்லை.

பட்டியலில் அட்டை இருந்தும் வலையமைப்பு இல்லையெனில், கெர்னலின் செய்திக் குறிப்பேட்டைக் காட்டும் டிமெசெக் கட்டளையே பெரும்பாலும் விடை தரும். இயக்கி ஏற்றப்பட்டதா, ஏற்றப்பட்டும் அட்டையை ஏற்க மறுத்ததா, மறுத்தால் எதனால் என்ற விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும். இந்தக் குறிப்பேட்டைப் படிக்காமலேயே அமைப்புக் கோப்புகளில் மாற்றங்கள் செய்வது, இருக்கும் ஒரு கோளாறை இரண்டாக்குவதில்தான் பெரும்பாலும் முடிகிறது.

பெயர்க் குழப்பம் மற்றொரு வகை. லினக்ஸில் முதல் ஈதர்நெட் இடைமுகத்துக்கு நெடுங்காலமாக ஈத்0 என்பதே பெயர். பின்னர் பல லினக்ஸ் வகைகள், அட்டையின் தனித்த வன்பொருள் முகவரியை நினைவில் வைத்துப் பெயரிடத் தொடங்கின. இதனால் பழுதடைந்த அட்டையை மாற்றியவுடன் புதியது ஈத்1 ஆனது. அமைப்புக் கோப்போ ஈத்0-வுக்காகவே காத்திருந்தது. 2013ஆம் ஆண்டு முதல் சிஸ்டம்டி என்ற மென்பொருள், அட்டை பொருத்தப்பட்டுள்ள இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையைப் புகுத்தியது. அந்தப் பெயர்களை எளிதில் நினைவில் கொள்ள முடியாது என்ற குறை இன்றும் உண்டு. யூனிக்ஸ் மரபில் வந்த மற்றோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் இயக்கியின் பெயரே இடைமுகத்தின் பெயர்: இன்டெல் அட்டைகள் பலவற்றுக்கு இஎம்0, ரியல்டெக் அட்டைகள் பலவற்றுக்கு ஆர்இ0. எந்த இயக்கி ஏறியிருக்கிறது என்பது பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது என்ற அளவில் இது மேலான ஏற்பாடு எனலாம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது, பாதி வேலை செய்யும் வலையமைப்பு. ஈதர்நெட்டின் இரு முனைகளும் வேகத்தையும், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியுமா என்பதையும் தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. ஒரு முனையில் யாராவது இவற்றைக் கையால் நிலைப்படுத்திவிட்டால், மறுமுனை ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் என்ற பழைய முறைக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது விளக்கு எரியும், சிறிய சோதனைச் செய்திகள் போய் வரும். பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் ஆமை வேகம். ஈத்டூல் என்ற கட்டளை இதை ஒரே வரியில் காட்டிக் கொடுத்துவிடும்.

சந்தேகத்துக்கு உள்ளானவர்கள்

2008ஆம் ஆண்டுச் சம்பவத்தில் டிமெசெக் காட்டிய செய்தி வழக்கத்துக்கு மாறானது. அட்டையின் நிலைநினைவகத்தில் உள்ள தகவல்களின் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை என்று கூறி, இ1000இ என்ற இயக்கி அட்டையை ஏற்க மறுத்தது. அட்டையின் வன்பொருள் முகவரியும் அடிப்படை அமைப்புகளும் அந்த நினைவகத்தில்தான் உள்ளன. அது அழிந்தால் அட்டை தன் அடையாளத்தையே இழந்துவிடுகிறது. வேறு இயங்குதளத்தை நிறுவியும் பயனில்லை. சிலருக்குத் தாய்ப்பலகையை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சந்தேகம் முதலில் இ1000இ இயக்கியின் மீது விழுந்தது இயல்பே. அட்டையின் நினைவகத்தில் எழுதும் உரிமை அதற்குத்தான் உண்டு. வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளும் சில காலம் சந்தேக வளையத்தில் இருந்தது. வழுவைத் திரும்பத் திரும்ப நிகழ்த்திப் பார்த்தால்தான் காரணத்தைக் கண்டறிய முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையைப் பலிகொடுக்க யார் முன்வருவார்கள்? இறுதியில் இன்டெல் பொறியாளர்கள் தங்கள் ஆய்வகத்தில் அட்டைகளை வைத்துக்கொண்டு, கெர்னலில் செய்யப்பட்ட மாற்றங்களை இரண்டிரண்டாகப் பிரித்துச் சோதிக்கும் முறையில் தேடினார்கள். பல அட்டைகள் வீணான பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடம், வலையமைப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத எஃப்டிரேஸ் என்ற பகுதி.

கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது இயங்குகிறது என்பதைக் கண்காணிக்கும் கருவி எஃப்டிரேஸ். ரெட் ஹாட் நிறுவனத்தின் ஸ்டீவன் ராஸ்டெட் உருவாக்கிய இது, 2.6.27 கெர்னலில்தான் புதிதாகச் சேர்க்கப்பட்டது. செயற்கூறுகளின் நினைவக முகவரிகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, பின்னர் அந்த இடங்களுக்குச் சென்று கட்டளைகளைத் திருத்துவது அதன் வேலைமுறை. ஆனால் கணினி தொடங்கும்போது மட்டும் தேவைப்படும் செயற்கூறுகளைக் கெர்னல் பின்னர் அகற்றிவிடுகிறது. அவ்வாறு காலியான முகவரிகள் சில கணினிகளில் இன்டெல் அட்டையின் நிலைநினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டன. வீடு இடிக்கப்பட்டு அங்கு வேறொருவர் குடியேறிய பின்னரும், பழைய பட்டியலுடன் வந்து கதவைத் தட்டும் அரசு அலுவலரின் நிலை எஃப்டிரேஸுக்கு.

பழைய கட்டளை அங்கு இருந்தால் மட்டுமே திருத்த வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை எஃப்டிரேஸில் இருக்கத்தான் செய்தது. அதற்காக அது பயன்படுத்திய செயலிக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாதபோதும், ஏற்கெனவே இருந்த மதிப்பையே மீண்டும் எழுதிவிடும் இயல்புடையது. சாதாரண நினைவகத்தில் இதனால் எந்தக் கேடும் இல்லை. சாதனத்துடன் பிணைக்கப்பட்ட முகவரியிலோ, எழுதுவது என்ற செயலே ஓர் ஆணையாகிவிடுகிறது.

2008 அக்டோபர் 9ஆம் தேதி வெளியான 2.6.27 கெர்னலில், அட்டையின் நினைவகத்தில் எவரும் எழுத முடியாதபடி பூட்டும் திருத்தம் சேர்க்கப்பட்டது. வழுவுக்குக் காரணமான எஃப்டிரேஸ் வசதியை முடக்கி வைத்த 2.6.27.1 பதிப்பு, ஆறு நாட்களில், அதாவது அக்டோபர் 15ஆம் தேதி வெளிவந்தது. ஓப்பன்சூசே 11.1 அந்த ஆண்டு டிசம்பரில் முறைப்படி வெளியானது. அதற்கிடையில் ஈத்டூல் கட்டளையைக் கொண்டு அட்டையின் நிலைநினைவகத்தைப் படியெடுத்து வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தது. முன்கூட்டியே படியெடுத்தவர்களுக்கு மீட்க வழி இருந்தது.

அரசியல் பரிமாணம்

இரண்டு போட்டி நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் தன்னார்வலர்களும் ஒரே மூலநிரலைப் பார்க்க முடிந்ததால்தான், வேறொருவர் எழுதிய பகுதியில் ஒளிந்திருந்த வழு சில வாரங்களில் சிக்கியது. இயக்கியின் மூலநிரல் மூடப்பட்டிருந்தால், குற்றம் அதன் மீதே சுமத்தப்பட்டு விவகாரம் முடிந்திருக்கக்கூடும்.

இது வெறும் தொழில்நுட்ப விவகாரம் அன்று என்பதை மியூனிக் நகரசபை அறிந்திருந்தது. தனது அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற அது 2003ஆம் ஆண்டு எடுத்த முடிவைத் தடுப்பதற்காக, மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்தார். லிமக்ஸ் என்ற பெயரிலான அந்தத் திட்டத்தில் சுமார் 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. 2013இல் பணி நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. 2017இல் நகரசபை விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. இத்தகைய மாற்றங்களில் கட்சி அரசியலும் செலவுக் கணக்கும் பேசப்படும் அளவுக்கு, இருக்கும் வன்பொருளுக்கு இயக்கி கிடைக்குமா என்ற கேள்வி பேசப்படுவதில்லை. அலுவலகத்தில் வலையமைப்பு அறுந்துபோன ஊழியருக்கு மென்பொருள் இறையாண்மை பற்றிய உரையால் எந்தப் பயனும் இல்லை.

வன்பொருள் நிறுவனங்கள் தொழில்நுட்ப விவரங்களைத் தர மறுப்பதே நெடுங்காலத் தடை. சூசேயில் அப்போது பணியாற்றிய கெர்னல் வல்லுநர் கிரெக் குரோவா ஹார்ட்மன் 2007ஆம் ஆண்டு ஜனவரியில், விவரங்களைக் கொடுக்கும் எந்த நிறுவனத்துக்கும் லினக்ஸ் இயக்கியை இலவசமாக எழுதித் தருவதாக அறிவித்தார். தேவையானால் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் தயார் என்றார். அதன் பின்னர் நிலைமை வெகுவாக மேம்பட்டது. பரவலாக விற்பனையாகும் ஈதர்நெட் அட்டைகள் பெரும்பாலானவற்றுக்கு இன்று கெர்னலிலேயே இயக்கி உண்டு.

எனினும் மூடிய பகுதி முற்றாக மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பல அட்டைகள் இன்று தமக்குள்ளேயே இயங்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலை எதிர்பார்க்கின்றன. இயக்கி திறந்த மூலநிரலாக இருந்தாலும் அந்த நிரலின் மூலம் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. லிமக்ஸின் தொடக்க அடித்தளமாக இருந்த டெபியன், இத்தகைய கோப்புகளைத் தனது அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் பல ஆண்டுகள் உறுதியாக இருந்தது. 2022ஆம் ஆண்டு அதன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தினர். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல், அவை நிறுவல் வட்டிலேயே சேர்த்து வழங்கப்படுகின்றன.