ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?

மதுரையிலிருந்து வடக்கே அழகர்கோயில் சாலையில் செல்வோர் கள்ளந்திரிப் பக்கத்தில் பெரியாற்றுக் கால்வாயைக் காண்பர். மேற்கே பாய்ந்த நீரைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்த்த முல்லைப் பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அந்நீரால் கள்ளந்திரி வரை இருபோகமும், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகமும் விளைகின்றன. அவ்வயல்களில் நீரோடு சேர்ந்து இன்னொன்றும் பாய்கிறது. அது யூரியா.

முதலில் அதற்குரிய பெருமையைக் கூறிவிடுகிறேன். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1909இல் கண்டார். கார்ல் போஷ் அதனை 1913இல் தொழிற்சாலைக்குக் கொணர்ந்தார். 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பல்களில் வந்த கோதுமையை நம்பி நம் நாடு நின்றது. உரத்தை ஏற்று விளையும் குட்டை நெல் இரகங்கள் அதன்பின் பரவியிராவிடில் நம் நிலை யாதாகியிருக்கும்? உரத்தை நஞ்சென்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் பசியை மறந்தவர் என்பது என் கருத்து.

ஆயினும் கணக்கைப் பார்ப்போம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன்; அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ. நீர் நிற்கும் நெல்வயலில் இதில் பாதியைக்கூடப் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. சிறு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறி, புவியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாகி, நீரோடு இறங்கிக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது நம் நாட்டு அளவு. மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாய்கிறது. தண்ணீரைக் காய்ச்சினால் இக்குறை தீருமென்று பலர் நினைக்கின்றனர். தீராது; நீர் ஆவியாகப் போக, நைட்ரேட்டின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

வகுப்பில், "எந்தப் பயிர் நல்ல பயிர்?" என்று நான் கேட்கும்போதெல்லாம், உழவர் வீட்டுப் பிள்ளைகள், "கரும்பச்சையாக இருப்பது, ஐயா" என்பர். அப்பச்சையை விரும்பும் வேறொரு கூட்டமும் உண்டு. அதுதான் புகையான் பூச்சி. தழைச்சத்து மிகுந்த மெல்லிய தண்டில் அது பெருகுகிறது. உடனே மருந்தடிக்கிறோம். புகையானைத் தின்னும் சிலந்திகள் மடிகின்றன. தண்டுறைக்குள் இருக்கும் அதன் முட்டைகளோ தப்பிவிடுகின்றன. இந்தோனேசியா இதனைக் கண்டு, 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை.

உழவர் ஏன் அளவு மீறுகின்றனர் என்று கேட்பீர்கள். யூரியா மலிவு. 2010இல் மற்ற உரங்களின் மானிய முறை மாறியபோதும் யூரியாவின் விலை அரசின் கட்டுப்பாட்டிலேயே நின்றது. ஆகவே மணிச்சத்தும் சாம்பற்சத்தும் பின்தங்க, தழைச்சத்து மட்டும் முந்துகிறது. இதற்கு உழவரை மட்டும் நோவது முறையன்று.

அப்படியாயின் உரத்தை அடியோடு நிறுத்திவிடலாமா? அண்டை நாடாகிய இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. மண்ணைப் பழக்கவும், மாற்று எருவைத் திரட்டவும் காலம் கொடுக்கவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு முடியுமுன்பே தடையைத் தளர்த்த நேர்ந்தது.

மாற்று வழிகள் நம்மிடம் இல்லாமலில்லை. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுதல், கண்மாய் வண்டலை அள்ளி இடுதல், தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதல் ஆகியவற்றை உங்கள் பாட்டனார் அறிவர். தக்கைப்பூண்டின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், ஹேபர் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் செய்ததை ஓசையின்றிச் செய்கின்றன. புதியதும் உண்டு. மடகாஸ்கரில் 1983இல் உருவாகி, நம் மாநிலத்தில் திருந்திய நெல் சாகுபடி எனப் பெயர் பெற்ற முறையில், 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொன்றாக நட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவர். ஏக்கருக்கு 2 கிலோ விதையே போதும். நீர் நிற்காமையால் மீத்தேன் வாயுவும் குறையும். நடவுக்குக் கைப்பழக்கம் வேண்டும் என்பதுதான் சங்கடம்.

யூரியா இடும் வீட்டிலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இலை வண்ண அட்டை என்பது பச்சையின் பல படிகளைக் காட்டும் ஒரு சிறு பட்டை. நட்ட 14ஆம் நாள் முதல் கதிர் வரும்வரை, வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், உங்கள் நிழல் இலைமேல் விழுமாறு நின்று, முழுதும் விரிந்த இளம் இலையை அதனோடு ஒப்பிடுங்கள். பத்துக் குத்துகளில் பாருங்கள். ஆறோ அதற்கு மேலோ உரிய எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இடச் சொல்லுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அவ்வெண் 3; ஏனைய இரகங்களுக்கு 4.