கார்பைடு கல்லும் பறிமுதல் அதிகாரமும்

கோடைதோறும் சென்னை கோயம்பேடு சந்தையில் உணவு பாதுகாப்பு அலுவலர்கள் மாம்பழக் கூடைகளைக் கிளறிப் பார்ப்பது, அடியில் காகிதப் பொட்டலமாகச் செருகப்பட்டிருக்கும் கார்பைடு கல்லைத் தேடித்தான். ஈரம் பட்டவுடன் அசிட்டிலீன் வாயுவை வெளியிட்டுத் தோலை மட்டும் மஞ்சளாக்கிவிடும் இக்கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுகளின் எச்சம் கலந்திருக்கக்கூடும் என்பதால், இதைக் கொண்டு பழுக்கவைத்த பழங்களை விற்பதை 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் வரம்புடன் அனுமதி உண்டு.

2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, சட்டத்துக்கு முரணாகத் தோன்றும் உணவைப் பறிமுதல் செய்யவும், அதாவது விற்பனையிலிருந்து விலக்கிப் பாதுகாப்பில் வைக்கவும், பாதுகாப்பற்றதெனில் வணிகருக்கு எழுத்துமூலம் அறிவித்துவிட்டு அழிக்கவும் அலுவலருக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆயினும் அந்த அதிகாரம் கட்டற்றதன்று. ஆய்வுக்கான மாதிரியை விலை கொடுத்தே எடுக்க வேண்டும். அதை நான்கு பாகங்களாகப் பிரித்து, முத்திரையிட்டு, ஒன்றை உணவுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்ப, அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வணிகர் கோரினால், ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கும் செல்லும். சிறு வியாபாரிக்கு இதுவே முக்கியமான காப்பு. தக்க காரணமின்றித் தொல்லைப்படுத்தும் நோக்கில் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு, 39ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.