கணக்கைப் பார்க்க வெளியாள் வேண்டும்

வணிகப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. கல்லாவில் அமர்ந்திருப்பவரே பேரேட்டை எழுதி, ஆண்டு முடிவில் தணிக்கையும் அவரே செய்தால் அந்தக் கணக்கை வங்கி ஏற்குமா? பருவநிலை மாற்றச் சட்டத்திலும் இதே சிக்கல்தான். இலக்கு வைப்பதும் அரசு, எட்டிவிட்டோம் என்று சொல்வதும் அரசு என்றால் யார் நம்புவார்?

பிரிட்டன் 2008இல் இதற்கு ஒரு வழி கண்டது. அவ்வாண்டு இயற்றிய பருவநிலை மாற்றச் சட்டத்திலேயே, அரசைச் சாராத நிபுணர் குழு ஒன்றுக்கு இடம் வைத்தது. கரியமில வாயு முதலானவற்றை ஐந்தாண்டுக்கு இவ்வளவுதான் வெளியிடலாம் என்ற வரம்பைக் குழு பரிந்துரைக்கும். அந்த ஐந்தாண்டு தொடங்க ஏறத்தாழ 12 ஆண்டுகள் இருக்கும்போதே அரசு அதை முடிவு செய்ய வேண்டும். குழுவுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. ஆனால் பரிந்துரைக்கு மாறாக வரம்பு வைத்தால் அரசு காரணத்தை எழுத்தில் வெளியிட்டாக வேண்டும். 2050க்குள் 80 சதவீதம் குறைப்பது என்றிருந்த இலக்கு 2019இல் நிகர பூஜ்யமாக உயர்ந்ததும் இக்குழுவின் பரிந்துரைப்படிதான்.

2018 முதல் 2022 வரையிலான வரம்பில் மிச்சம் விழுந்தது. அதை அடுத்த ஐந்தாண்டுக்கு வரவு வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. கூடாது என்று 2024இல் குழு சொன்னது. மிச்சத்தில் பெரும்பகுதி கொரோனா போன்ற வெளிக் காரணங்களால் வந்தது, அரசின் திறமையால் அன்று என்பது அதன் வாதம். ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது மின்கட்டணம் குறைந்ததை நாம் சிக்கனம் என்று எழுதிக்கொள்வோமா?

குழு சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. பெட்ரோல், டீசல் புதுக் கார் விற்பனை 2030இல் நிற்கும் என்று 2020இல் அறிவித்த அரசு, 2023 செப்டம்பரில் அதை 2035க்குத் தள்ளியது. இலக்கை எட்டுவது இதனால் கடினமாகிறது என்று அடுத்த மாதமே குழு எச்சரித்தது, பலனில்லை. கார் தயாரிக்கும் ஃபோர்டு நிறுவனமே இந்த மாற்றத்தை விமர்சித்தது. ஆட்சி மாறிய பின் 2025இல் மறுபடியும் 2030 என்றார்கள். கடுமையான விதியைவிட அடிக்கடி மாறும் விதிதான் சரக்கு எடுப்பவரைக் கவிழ்க்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

தமிழ்நாட்டில் 2022இல் அமைந்த பருவநிலை மாற்றக் குழுவில் வல்லுநர்கள் இடம்பெற்றது நல்லதே. ஆனால் அதற்குத் தலைமை முதலமைச்சர். முதலாளி தலைமையேற்கும் கூட்டத்தில் முதலாளியின் கணக்கில் குறை சொல்ல யார் வாய் திறப்பார்? இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் வருமானால், வெளியாள் தணிக்கையும், விதியை மாற்றினால் எழுத்தில் காரணமும் வேண்டும் என்று நம் சங்கங்கள் இப்போதே மனு கொடுத்து வைக்கலாம்.