உதவித்தொகை வாங்கிக்கொண்டே பகுதி நேர வேலை பார்க்கலாமா?

அணுபுரம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் பக்கம் நம் பிள்ளைகள் பலர் பட்டம் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சும்மா இருப்பதில்லை. ஒருவர் மாலையில் டியூஷன் எடுக்கிறார். ஒருவர் சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரத்தில் கடையில் நிற்கிறார். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் சகோதரிகளும் உண்டு. இவர்கள் அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையும் பெறலாமா? பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது.

முதலில் திட்டம் என்ன என்பதைப் பார்ப்போம்.

யாருக்கு, எவ்வளவு?

தமிழக அரசு மாதந்தோறும் வழங்கும் தொகை: பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு ரூ.200, தேர்ச்சி பெற்றவருக்கு ரூ.300, பிளஸ் டூ முடித்தவருக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். அதிகபட்சம் 3 ஆண்டுகள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் 10 ஆண்டுகள். பதிந்து ஓராண்டு ஆகியிருந்தால் போதும்.

மற்றவர்கள் பதிந்து 5 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். பதிவை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். வயது வரம்பு ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. நம்மையும் சேர்த்து மற்றவர்களுக்கு 40. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் ரூ.6,000. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது கிடையாது. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்கும் இல்லை. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குத் தடையில்லை.

பகுதி நேர வேலை?

விதி இதுதான்: விண்ணப்பிப்பவர் அரசு, தனியார் எதிலும் ஊதியம் பெறும் பணியில் இருக்கக் கூடாது; சுயதொழிலும் செய்யக் கூடாது. முழு நேரம், பகுதி நேரம் என்று இதில் பிரிவு இல்லை. ஜெர்மனியில் வேலையிழந்தோர் உதவி பெறுபவர் வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்யலாம். மாதம் 165 யூரோ வரை சம்பாதித்தால் உதவித்தொகையில் கழிக்க மாட்டார்கள். நம் திட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை.

தொகையைத் தொடர்ந்து பெற ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். அதில் போடும் கையெழுத்துதான் முக்கியம். "நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்று வீட்டில் சொல்லலாம். ஆனால் மாதாமாதம் கட்டணம் வாங்கினால் அது சுயதொழில்தான். அதை மறைத்துக் கையெழுத்திட்டால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டும் நிலை வரலாம். அதைவிட, அந்த ரூ.600 நமக்கு ஹலாலா என்ற கேள்வி மனதை அரிக்கும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பட்டதாரி ஒருவருக்கு 3 ஆண்டுகளில் மொத்தம் கிடைப்பது ரூ.21,600. ஒரு பிள்ளைக்கு ரூ.300 வீதம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாலே மாதம் ரூ.1,200. உதவித்தொகைக்காக அதை விடுவது நஷ்டம். உதவித்தொகையை விட்டுவிட்டு டியூஷனைத் தொடர்வதே லாபம். வேலை கிடைத்ததும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறை வேலைதான், கணக்கில் வருமா வராதா என்று சந்தேகம் இருந்தால், கையெழுத்திடும் முன் செங்கல்பட்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

"உதவித்தொகை வாங்கினால் சீனியாரிட்டி போய்விடும்" என்ற பயம் சிலருக்கு உண்டு. அப்படி இல்லை. பதிவு அப்படியே இருக்கும். அரசுப் பணிக்கான பரிந்துரைக்கும் அது தடையாகாது.

கம்பெனி வேலை போனவர்களுக்கு

மறைமலை நகர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்த்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு வேறு வழி உண்டு. 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில், வேலையிழந்தவருக்குச் சராசரி தினக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்குத் தரப்படுகிறது. தினக் கூலி ரூ.600 என்றால் 90 நாட்களுக்கு ரூ.27,000. வாழ்நாளில் ஒருமுறைதான் பெற முடியும். குறைந்தது 2 ஆண்டுகள் இ.எஸ்.ஐ.-இல் இருந்திருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், தானாக ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. இங்கும் வேலையில்லாத நாட்களுக்குத்தான் பணம்; இடையில் வேலை கிடைத்தால் அதுவரையிலான நாட்களுக்கே கிடைக்கும். கால நீட்டிப்பு பெற்று நடந்து வரும் திட்டம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உண்மையிலேயே வருமானம் இல்லாமல் இருப்பவர்கள் இந்த உதவியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அது அவர்களின் உரிமை. கொஞ்சமாவது சம்பாதிக்கத் தொடங்கியவர்கள், அடுத்த படிவத்தில் கையெழுத்திடும் முன் அதை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.